குடும்பத்தோடு ஜீப்பில் மலைக்கு: எங்கே தொல்லை, எப்படிச் சரிசெய்வது

மதுரையிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு மலை வந்துவிடும். சிறுமலை, தாண்டிக்குடி, அடுக்கம், போடிமெட்டு என்று ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்குப் பாதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதல் தடவை ஆசையாக வந்த குடும்பம், அடுத்த தடவை கூப்பிட்டால் "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம் வண்டி அல்ல. வயிறு, முதுகு, கழிவறை, தூக்கம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று கெட்டிருக்கும். வண்டிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன் இந்த நான்கையும் பாருங்கள். வழியில் வரும் மற்றத் தொல்லைகள் அவற்றுக்குப் பின்னால் வருகின்றன.

ஒவ்வொரு தொல்லையிலும் காசில்லாத காரணம் முதலில் வரும், பணம் கேட்கும் காரணம் கடைசியில் வரும். மேலிருந்து கீழே வாருங்கள். சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வளைவு தொடங்கியதும் பிள்ளை வாந்தி எடுக்கிறது

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, சிறுமலைக்கு 18. மூன்றாவது வளைவிலேயே பின்னாலிருந்து "அப்பா, வயித்தப் பெரட்டுது" என்று குரல் வந்தால் இப்படிப் பாருங்கள்.

கையில் செல்போன் இருக்கிறதா? வாங்கி வையுங்கள். படம் பார்ப்பதும், கதைப் புத்தகம் படிப்பதும், குனிந்து கீழே விழுந்த பொம்மையைத் தேடுவதும் ஒரே மாதிரிதான் வயிற்றைக் கலக்கும். பார்வை வண்டிக்கு வெளியே, முன்னால் இருக்கும் சாலையில் இருக்க வேண்டும்.

எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஜீப்பின் பின்பக்கம் எதிரெதிராகப் போட்டிருக்கும் சீட்டுதான் எல்லாவற்றிலும் மோசம். அதில் பெரியவர்களுக்கே தலை சுற்றும். பிள்ளையை நடு வரிசைக்குக் கொண்டுவந்து, முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி உட்காரவைத்து பெல்ட் போடுங்கள். உயரம் போதாமல் முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வரும் பிள்ளைதான் முதலில் வாந்தி எடுக்கும். பூஸ்டர் சீட் வாங்கினால் பாதுகாப்புக்கும் ஆச்சு, இதற்கும் ஆச்சு.

என்ன சாப்பிட்டது? பூரி, வடை, தேங்காய்ச் சட்னி, ஒரு டம்ளர் பால் என்று வயிறு முட்ட அடிவாரத்து ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு உடனே மலை ஏறுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வெறும் வயிறும் ஆகாது. ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, கொஞ்சம் பொடி போதும். வத்தலக்குண்டு வழியாகப் போவதென்றால் மதுரையில் வீட்டிலேயே சாப்பிட்டுக் கிளம்பினால் கணக்குச் சரியாக வரும்.

வண்டிக்குள் என்ன வாடை? ஏர் ஃபிரெஷ்னர், டீசல் கேன், நேற்று வைத்த மல்லிகை எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கி விடுங்கள்.

இவ்வளவும் சரியென்றால் ஓட்டுபவரைப் பார்க்க வேண்டும். வளைவுக்குள் போய் பிரேக் அடிப்பதும், வெளியே வந்ததும் ஆக்சிலரேட்டரை மிதிப்பதும் பின்னால் இருப்பவரின் வயிற்றைத்தான் ஆட்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, ஒரே சீராகத் திருப்புங்கள். பக்கத்தில் இருப்பவர் கையில் முக்கால் டம்ளர் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். வளைவில் சிந்தினால் இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

கடைசியாகத்தான் மாத்திரை. வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை, கிளம்புவதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். அவோமின் போன்றவற்றை இரண்டு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரமாகியும் குடித்த தண்ணீர்கூட வெளியே வந்தாலோ, பிள்ளை துவண்டு போய் ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தாலோ பயணத்தை விட்டுவிட்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

கரடுமுரடான பாதையில் பின் சீட்டுக்காரர்களுக்கு இடுப்பு ஒடிகிறது

முன் சீட்டில் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. பாட்டி "என்னைய இனிமே கூப்பிடாதப்பா" என்று சொன்ன பிறகுதான் தெரியும்.

முதல் சந்தேகம் டயர் காற்று. தார்ச்சாலைக்கு அடித்த 32 பிஎஸ்ஐயோடு கல் பாதையில் இறங்கினால் ஒவ்வொரு கல்லும் முதுகில் விழும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து கால் பங்கு குறையுங்கள்: 32 என்றால் 24, 25. குறைத்த பிறகு மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடி ஏற்றியாக வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிக் கிழியும். இதற்காகவே 12 வோல்ட் கம்ப்ரசரும் ஒரு நல்ல காற்றளவு மீட்டரும் வண்டியில் இருக்க வேண்டும். குடும்பப் பயணத்துக்கு வாங்கும் முதல் சாமான் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பேன்.

அடுத்தது சுமை. தண்ணீர் கேன், சிலிண்டர் எல்லாம் பின்கதவோரம் அடுக்கியிருந்தால் பின்பக்கம் தாழ்ந்து, குழியில் ஸ்பிரிங் அடிவரை போய் இடிக்கும். கனமானதெல்லாம் பின் சீட்டின் முதுகை ஒட்டி, தரையில், பெல்ட்டால் கட்டி இருக்க வேண்டும். கூரைக் கேரியரில் மெத்தை, கூடாரம் போன்ற லேசான சாமான் மட்டும் போகட்டும்.

மூன்றாவது ஷாக் அப்சார்பர். பின் பம்பரை ஒரு மூலையில் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒரு தடவை மேலே வந்து அடங்கினால் சரி, மூன்று நான்கு தடவை குதித்தால் ஷாக் போய்விட்டது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தாலும் அப்படித்தான். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், மெக்கானிக் வேலை. வண்டி காலியாக நிற்கும்போதே ஒருபக்கம் சாய்ந்திருந்தால் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை முறிந்திருக்கலாம். அந்த நிலையில் மலைக்குப் போக வேண்டாம்.

பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள்

கூடாரம் அடித்துத் தங்கும் இடத்தில் மாலை ஆனதும் அம்மாவின் தண்ணீர் பாட்டிலைக் கவனியுங்கள். காலையில் நிரப்பியது அப்படியே இருக்கும். வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் மறுபடி வராததற்கு முதல் காரணம் இதுதான்.

எங்கே நிறுத்துவோம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: அடிவாரத்தில் கடைசி பெட்ரோல் பங்க், அதன்பின் மேலே இன்ன இடம். அவர்கள் கேட்டு நிறுத்த வேண்டிய நிலை வரக் கூடாது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை தானாக நிறுத்துங்கள்.

தங்குமிடத்தில் மறைவு இல்லையென்றால் செலவு அதிகமில்லை. நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் ஒரு கழிவறைக் கூடாரமும், இறுக்கமான மூடியும் உட்காரும் வளையமும் உள்ள 20 லிட்டர் வாளியும் வாங்குங்கள். வாளிக்குள் கெட்டியான குப்பைப் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. அடியில் இரண்டு கை தென்னை நார்க்கழிவுத் தூள், ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் மேலே ஒரு கை. கட்டியாக விற்கும் நார்க்கழிவை உடைத்து, காய்ந்த நிலையிலேயே டப்பாவில் வைத்திருங்கள். வாடை வராது. சிறுநீர் கழிப்பதைத் தனியாக வைத்துக்கொண்டால் வாளி சீக்கிரம் நிரம்பாது.

வாளியைக் காலி செய்யத் தங்கும் நிலத்தின் உரிமையாளரிடம் முன்பே இடம் கேட்டு, கிணறு, ஓடையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி ஒரு முழம் ஆழத்தில் குழி எடுத்துக் கொட்டி மூடுங்கள். பையும் நாப்கினும் குழிக்குள் போகக் கூடாது. அவை மூடியுள்ள டப்பாவில் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: இரவில் கழிவறைக் கூடாரத்துக்குள் விளக்கைத் தலைக்கு மேல் தொங்கவிட்டால் உள்ளே இருப்பவரின் நிழல் துணியில் அப்படியே விழும். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். விளக்கைத் துணியை ஒட்டித் தரையில், உள்ளே இருப்பவரின் முன்பக்கம், சுவரைப் பார்க்காமல் மண்ணைப் பார்க்கும்படி வையுங்கள். வெளியிலிருந்து ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, சரி என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

இருட்டில் போகப் பயமென்றால் படுக்கும் கூடாரத்திலிருந்து பதினைந்து இருபது அடிக்குள் அமைத்து, வழியில் கயிறு, கல், முளை எதுவும் இல்லாமல் சுத்தம் செய்து, ஒரு சின்ன விளக்கை இரவு முழுதும் எரிய விடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வாளி பத்தாது. மருந்துப் பொருள் கடைகளில் மடக்கு கமோடு நாற்காலி கிடைக்கும். இந்த எல்லாமும் சேர்ந்து ஒரு நல்ல டயரின் விலைகூட வராது.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தால் தண்ணீர் குடித்துச் சமாளிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. அன்றே டாக்டரிடம் போங்கள்.

இரவு யாருக்கும் தூக்கமில்லை

*கீழிருந்து குளிர்கிறது.* மதுரை கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் சொச்சம், கொடைக்கானல் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறு டிகிரி குறையும் என்று வைத்தாலும் ஊரைவிட 12 டிகிரி குறைவு. மார்கழி, தையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் புல்லில் உறைபனியே விழும். மேலே இரண்டு கம்பளி போர்த்தியும் நடுங்கினால் குளிர் தரையிலிருந்து ஏறுகிறது என்று அர்த்தம். போர்வை ஒன்றை எடுத்துக் கீழே விரித்துப் பாருங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காற்றடிக்கும் மெத்தை மெத்தென்று இருந்தாலும் உள்ளே இருக்கும் காற்றுக் குளிர்ந்து முதுகைச் சில்லிட வைக்கும். அதன் மேல் ஒரு ஃபோம் விரிப்பு போட்டே ஆக வேண்டும். தரைக்குத் தார்பாய், அதன் மேல் கோரைப் பாய், அதன் மேல் ஒரு அங்குல ஃபோம், அதன் மேல் ஜமுக்காளம் என்று அடுக்கினால் நம் மலைகளுக்குப் போதும். காதை மூடும் குல்லாவும் காய்ந்த சாக்ஸும் பிள்ளைகளுக்குக் கட்டாயம். பகலில் போட்ட சாக்ஸ் காய்ந்த மாதிரி இருந்தாலும் வியர்வை ஈரம் இருக்கும், மாற்றுங்கள்.

*காலையில் கூடாரத்துக்குள் எல்லாம் ஈரம்.* எங்கே ஈரம் என்று பார்த்தால் காரணம் தெரியும். உட்சுவர் முழுக்க முத்து முத்தாக நீர் என்றால் அது மூச்சுக் காற்றின் ஈரம். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூடியிருப்பீர்கள். எதிரெதிரே மேல்பக்கம் இரண்டு ஜன்னலைக் கையகலம் திறந்து வையுங்கள். தையலோரம் கோடு போட்டமாதிரி ஈரமென்றால் தையல் ஒழுகுகிறது. சீம் சீலர் (தையல் ஓட்டையை அடைக்கும் பசை) ஒரு கோட் பூசி ஒருநாள் காயவிட்டால் சரியாகிவிடும். தரையின் விளிம்பில் மட்டும் ஈரமென்றால் அடியில் விரித்த தார்பாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மழைநீரை அதுவே வாங்கி உள்ளே விடும். நான்கு விரல் உள்ளே தள்ளி மடியுங்கள்.

புதுக் கூடாரத்தை மொட்டைமாடியில் ஒருமுறை கட்டி, முளைக்குப் பதில் தண்ணீர் கேன்களில் கயிற்றைக் கட்டி, ஹோஸால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. பிள்ளைகளை அதிலேயே ஒரு இரவு படுக்க வைத்தால் பாதிப் பயம் வீட்டிலேயே போய்விடும். நான்கு பேர் கூடாரம் என்று பெட்டியில் போட்டிருப்பது நான்கு பேர் ஒட்டிப் படுக்கும் கணக்கு. நால்வருக்கு ஆறு பேர் அளவு வாங்குங்கள்.

*காற்றில் கூடாரம் படபடக்கிறது.* ஆனி, ஆடியில் தேனி, கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று அசாத்தியம். குறுகிய பக்கம் காற்றைப் பார்க்க வேண்டும், வண்டியைக் காற்றுப் பக்கம் குறுக்கே நிறுத்த வேண்டும். கூடாரத்தோடு வரும் கம்பி முளைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு சாண் நீள இரும்பு முளை வாங்குங்கள். கூடாரத்துக்கு வெளிப்பக்கமாகத் தலை சாய்த்து அடியுங்கள். பாறையாக இருந்தால் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றுங்கள். கம்பு வளைந்து கூரை முகத்தில் தட்டும் அளவு காற்று வந்துவிட்டால் யோசிக்காமல் கூடாரத்தைச் சாய்த்துவிட்டு எல்லோரும் வண்டிக்குள் போய்விடுங்கள்.

வண்டிக்குள் படுப்பவர்கள் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏசி, ஹீட்டர் போட்டுத் தூங்கக் கூடாது. கூடாரத்துக்குள் கரி அடுப்பு, கேஸ் அடுப்பு எதையும் கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. யாராவது தலைவலி, குமட்டல் என்று எழுந்தால் உடனே எல்லோரையும் வெளியே இழுத்து 108-க்கு அழையுங்கள்.

*இடமே சரியில்லை.* கூடாரம் விரிக்கும் முன் வெறுந்தரையில் ஒரு நிமிடம் படுத்துப் பாருங்கள். தலை தாழ்ந்தால் திசையை மாற்றுங்கள். சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பில் தங்கினால் மரத்தடியில் கட்ட வேண்டாம், மட்டையும் காயும் சொல்லிவிட்டு விழாது. ஓடை மணலும் வேண்டாம். கும்பக்கரையில் ஒரு சொட்டு மழை இருக்காது, கொடைக்கானல் மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்து நிற்கும்.

அடுப்பு எரியவில்லை, சோறு வேகவில்லை

தீ படுத்துக்கொள்கிறது என்றால் முதலில் காற்று. அடுப்பை வண்டியின் மறைவுக்கு மாற்றுங்கள், ஆனால் கேஸ் கேனைச் சுற்றித் தகரம் வைத்து அடைக்காதீர்கள். காற்று இல்லாமலே தீ சின்னதாக இருந்தால் குளிர். சின்னக் கேன்களில் இருக்கும் பியூட்டேன் ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில் வந்தாலே சோம்பிவிடும். கேனை இரவு வண்டிக்குள் கம்பளியில் சுற்றி வையுங்கள். காலையில் வெதுவெதுப்பான நீரில் அடிப்பாகம் படும்படி ஐந்து நிமிடம் நிறுத்தினால் போதும். நெருப்பில் காட்டவே கூடாது. கேஸ் வாடை வந்தால் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் அந்த அடுப்பை அன்றைக்கு மூட்டாதீர்கள். ரப்பர் வாஷரை டீலரிடம்தான் மாற்ற வேண்டும்.

2,100 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பாத்திரத்தில் வைத்த சோறு நறுக்கென்றே நிற்கும், பருப்பு வேகவே வேகாது. அரிசியை அரைமணி நேரமும் பருப்பை இரண்டு மணி நேரமும் ஊறவைத்துக் குக்கரில் வையுங்கள், வீட்டுக் கணக்கைவிட ஒரு விசில் கூட. முதல் நாள் சமைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிய புளியோதரை மறுநாள் காலைவரை தாங்கும். தேங்காய் சேர்ந்த எதுவும் மதியத்தைத் தாண்டாது. தயிர் சாதத்தைப் பால் அதிகம், தயிர் ஒரு ஸ்பூன் என்று பிசைந்தால் இரவுக்குப் புளிக்காது. வந்து இறங்கிய களைப்பில் அம்மா அடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதால் அது அவருக்கு விடுமுறையே அல்ல.

தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர், கழுவத் தனி. மிச்ச உணவும் கருவாடும் வண்டிக்குள் பூட்டியிருக்கட்டும். கூடாரத்தில் வைத்தால் குரங்கும் பன்றியும் தேடி வரும், மேலே காட்டுமாடும் வரும்.

பிள்ளைகளுக்கு மதியத்துக்குள் சலித்துவிடுகிறது

பெரும்பாலும் அதிக நேரம் வண்டியில் இருந்திருப்பார்கள். ஒரு நாளைக்கு நான்கு மணி நேர ஓட்டம் போதும், மாலை மூன்று மணிக்குள் இடத்தைச் சேர்ந்துவிட வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு இரவு. அப்புறமும் சிணுங்கினால் வேலை கொடுங்கள்: முளைகளை எண்ணி எடுத்துக் கொடுப்பது, டயர் காற்றைப் படித்துச் சொல்வது, விளக்குகளுக்குப் பொறுப்பு. ஆளுக்கு ஒரு சொந்த டார்ச் வாங்கிக் கொடுங்கள்.

வண்டி சேற்றில் சிக்கிவிட்டது, உள்ளே குடும்பம்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரம் சுற்றச் சுற்ற ஆழம் போகும். முதலில் எல்லோரையும் இறக்கி, மேட்டுப் பக்கமாகத் தள்ளி நிற்க வையுங்கள். பிறகு:

1. வண்டியை எந்தப் பக்கம் எடுக்கப் போகிறீர்களோ அந்தப் பக்கம் நான்கு சக்கரத்தையும் ஒட்டி இருக்கும் மண் மேட்டை மண்வெட்டியால் வெட்டிச் சரிவாக்குங்கள்.
2. காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். அதற்குக் கீழே போனால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம்.
3. சக்கரத்தடியில் தென்னை மட்டை, சாக்கு, தட்டைக் கல் எது கிடைக்கிறதோ அதைத் திணியுங்கள்.
4. லோ ரேஞ்சில் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலையில்) போட்டு, இரண்டாவது கியரில், மெதுவாக. வந்த வழியே பின்னால் எடுப்பதுதான் பெரும்பாலும் சுலபம்.

இரண்டு முயற்சியில் வரவில்லையென்றாலோ, அடிச்சட்டம் மண்ணில் உட்கார்ந்துவிட்டாலோ பக்கத்து ஊரில் டிராக்டர் கேளுங்கள். கூலியை முன்பே பேசிவிடுங்கள். கயிற்றைச் சட்டத்தில் இருக்கும் கொக்கியில் மட்டும் மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டினால் அது பிய்த்துக்கொண்டு குண்டு மாதிரி பறக்கும், ஆளே போயிருக்கிறார்கள். கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் பிள்ளைகள் நிற்கக் கூடாது.

திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள் எந்த வண்டியையும் இறக்க வேண்டாம். களிமண் டயரின் வெட்டுகளை அடைத்துவிட்டால் ஃபோர் வீலும் வழுக்கும். செம்மண் பாதை அரைநாளில் வடிந்துவிடும்.

மலை இறங்கும்போது கருகிய வாடை, பிரேக் உள்ளே போகிறது

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் முறையில் இரண்டாவது கியர், அல்லது லீவரை 'எல்' (L) என்ற இடத்தில் வையுங்கள். வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். ஆறிய பிறகும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் பிரேக் ஆயில் பழசு அல்லது கசிவு. ஒரு மீட்டர்கூட ஓட்டக் கூடாது, ரெக்கவரி வண்டியை வரவழையுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் இந்த நிலை பெரும்பாலும் வராது.

கடி, கொட்டு

அட்டை ஏறினால் பிய்க்காமல் நகத்தால் வாயோரம் நெம்பித் தள்ளுங்கள், இல்லையென்றால் உப்பு. மலைத்தேனீ கலைந்தால் கையை வீசாமல் வண்டிக்குள் ஓடிக் கண்ணாடியை ஏற்றுங்கள். பாறைக்கடியில் தேனடை தொங்கும் இடத்தில் புகை போடாதீர்கள். முகம், உதடு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, பல கொட்டு இருந்தாலோ மருத்துவமனைதான்.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட காலைக் கட்டை வைத்து அசையாமல் செய்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். 108. க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை இராஜாஜி மருத்துவமனை, எது கிட்டவோ அது. மந்திரிப்பவரிடம் போய் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

போய்ச் சேர்ந்தால் "விட முடியாது" என்கிறார்கள்

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு தங்க முடியாது. மேகமலை 2021-லிருந்து புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது, மாலைக்குப் பிறகு செக்போஸ்ட்டில் திருப்பிவிடுவார்கள். கொடைக்கானலுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அங்கே பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி தனி, அதுவும் பகலில் மட்டும். கொழுக்குமலைக்குச் சொந்த ஜீப்பில் போக விடமாட்டார்கள், சூரியநெல்லியில் உள்ளூர் ஜீப்பைத்தான் பிடிக்க வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த தீ விபத்தை யாரும் மறக்கவில்லை. மாசியிலிருந்து வைகாசிவரை காய்ந்த புல்லில் திறந்த நெருப்பு வேண்டவே வேண்டாம். முதல் பயணத்துக்குப் பெரியகுளம் மாந்தோப்பு, தாண்டிக்குடி காப்பித் தோட்டம் என்று உரிமையாளரிடம் கேட்டுத் தனியார் நிலத்தில் தங்குவதே சுலபம்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் வருகிறதென்றால் பேட்டரி இறங்கியிருக்கிறது. இரவெல்லாம் ஃபிரிட்ஜ், விளக்கு, நாலு போன் சார்ஜ். முதலில் பேட்டரி முனைகளை ஆட்டிப் பாருங்கள், வெள்ளைப் பூச்சு இருந்தால் சுரண்டி இறுக்குங்கள். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல பேட்டரி, 12-க்குக் கீழ் என்றால் ஜம்ப் கேபிள். சிவப்பு முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ், அடுத்த முனை நல்ல பேட்டரியின் பிளஸ். கருப்பு நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை உங்கள் எஞ்சினின் வெறும் இரும்பில். கழற்றும்போது இதே வரிசை தலைகீழ்.

எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் நடுவே காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் ஆல்டர்னேட்டரில் கோளாறு. எஞ்சினை அணைக்காமல், ஏசி போடாமல் நேராக அடிவாரத்து ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் இறங்குங்கள். ஃபிரிட்ஜ் வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் அதற்கென்று தனி லித்தியம் பேட்டரி வைத்துக்கொள்வதுதான் கடைசிச் செலவு. ஒரு இரவுப் பயணத்துக்கு ஐஸ் பெட்டி போதும். முந்தின இரவே ஃபிரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை அடியில் அடுக்கிவிட்டால் பாலும் தயிரும் மறுநாள்வரை கெடாது.